லண்டன் – லிஸ்பன்: 972 கிலோமீட்டர் அல்ல

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு,
பயண முகவர் நிலையம், லண்டன்.

பொருள்: தாமத இழப்பீட்டுக் கோரிக்கையைத் தவறான கணக்கில் முடித்துவைத்தது தொடர்பாக.

ஐயா,

உங்களிடம் டிக்கெட் எடுத்து, மனைவி, மகளுடன் ஹீத்ரோவிலிருந்து லிஸ்பன் சென்றேன். இயந்திரக் கோளாறு என்று சொல்லி விமானத்தைத் தாமதமாகத்தான் எடுத்தார்கள். "இழப்பீடு பெற்றுத் தருகிறோம்" என்ற உங்கள் தமிழ் விளம்பரத்தை நம்பி, 35 பவுண்டு கட்டிக் கோரிக்கையை ஒப்படைத்தேன். ஆறு வாரம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது: தூரம் 972 கி.மீ., தாமதம் 2 மணி 52 நிமிடம், மூன்று மணி நேரம் ஆகவில்லை, எனவே ஒன்றும் கிடைக்காது. கிடைத்திருந்தாலும் ஆளுக்கு 220 பவுண்டுதான்.

இரண்டு எண்ணும் தவறு.

972 என்பது மைல். கிலோமீட்டரில் 1,564. விமானத்துக்கு மிகக் குறுகிய வழியே அவ்வளவு. சட்டம் கணக்கில் எடுப்பதும் அதைத்தான். உங்கள் டிக்கெட்டில் புறப்பாடு 7.20, வருகை 10.10. இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்பதால் கூட்டிக் கழிக்க எதுவும் இல்லை. பயணம் 2 மணி 50 நிமிடம். 972 கி.மீ.தான் தூரம் என்றால் விமானம் மணிக்குச் சுமார் 340 கி.மீ. வேகத்தில் ஊர்ந்திருக்க வேண்டும். பிரான்சில் ரயிலே 320 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது! உங்கள் கணக்குப்படி எங்களை ஸ்பெயினின் வடகரையில் இறக்கிவிட்டிருப்பார்கள். லிஸ்பனுக்கு இன்னும் 600 கி.மீ. நடந்திருப்போம்.

இது சில்லறை விஷயம் அல்ல. 1,500 கி.மீ.யைத் தாண்டினால் இழப்பீடு 220 பவுண்டு அல்ல, 350. மூன்று பேருக்கு 1,050 பவுண்டு.

அடுத்தது நேரம். சக்கரம் தரையைத் தொட்டது 1.02-க்கு, அதில் எனக்கு மறுப்பில்லை. அதன் பிறகு என்ன நடந்தது என்று யாராவது கேட்டீர்களா? விமானம் ஒரு மூலையில் போய் நின்றது. படிக்கட்டு வண்டி வரவில்லை. இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு எல்லோரும் எழுந்து, மேலே உள்ள பெட்டித் தட்டில் தலை இடிக்காமல் கழுத்தைச் சாய்த்தபடி நின்றோம். மகள் என் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வெளியே காத்திருந்த நண்பருக்கு "இப்போதுதான் கதவைத் திறக்கிறார்கள்" என்று நான் அனுப்பிய செய்தியில் நேரம் 1.24. அதாவது 3 மணி 14 நிமிடத் தாமதம். கதவு திறக்கும் நேரமே வந்துசேர்ந்த நேரம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-லேயே தீர்ப்பளித்துவிட்டது. இழப்பீட்டுத் தொழில் செய்யும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

விமான நிறுவனம் தனக்குச் சாதகமாக எண்ணுவது இயல்பு. அதைச் சரிபார்க்கத்தான் உங்களுக்குப் பணம் கொடுத்தேன். நீங்களோ அவர்கள் எழுதியதைத் தமிழில் பெயர்த்து எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள்.

கோரிக்கையை 1,564 கி.மீ., 3 மணி 14 நிமிடம் என்று திருத்தி, 14 நாளுக்குள் மீண்டும் அனுப்புங்கள். அதன் நகல் எனக்கு வேண்டும். முடியாதென்றால் 35 பவுண்டைத் திருப்பித் தாருங்கள், நானே எழுதிக்கொள்கிறேன். டிக்கெட் நகலும் அந்தச் செய்தியின் படமும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்