முதியோர் இல்லம் நடத்துறவங்களுக்கு: உங்க சார்ட்ல வாய்க்கும் ஒரு கட்டம் போடுங்க

முதியோர் இல்லம் நடத்துற ஐயா, அம்மா எல்லாருக்கும், குறிப்பா மறதி நோய் உள்ளவங்களுக்குன்னு தனி வார்டு வச்சிருக்கவங்களுக்கு வணக்கம்.

எங்கம்மாவுக்கு 78 வயசு. அல்சைமர்னு சொல்லி நாலு வருஷம் ஆச்சு, அதுல ஒரு வருஷத்துக்கு மேல உங்களை மாதிரி ஒரு இல்லத்துல தான் இருந்தாங்க. பேரு சொல்லப் போறதில்ல, அங்க இருந்த ஆயாம்மாக்கள் மேல எனக்குக் கோவமும் இல்ல, ஒரு ஷிஃப்ட்டுக்கு ரெண்டு பேரு சேந்து பதினாறு பேரைப் பாத்துக்கிட்டா அவங்களும் என்னதான் பண்ணுவாங்க. கட்டில் காலடியில ஒரு சார்ட் தொங்கும். பிபி, சுகர், மாத்திரை குடுத்தாச்சா, மோஷன் போனாங்களா, டயப்பர் எத்தனை தடவை மாத்துனது, எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வச்சது, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கும், டிக்கும் இருக்கும். வாய்க்கு மட்டும் கட்டம் இல்ல. கட்டம் இல்லாத வேலையை யாரும் கேக்க மாட்டாங்க, கேக்காத வேலை நடக்காது, இது உங்களுக்குத் தெரியாததா.

பொங்கலுக்கு முன்னாடி ஒரு நாள் போன் வருது, அம்மா சாப்பிட மாட்டேங்குறாங்க, ஸ்பூனைத் தட்டி விடுறாங்க, ஆயாவைக் கன்னத்துல அடிச்சுட்டாங்க, பிஹேவியர் பிரச்னை ஆரம்பிச்சிருச்சு போல, டாக்டர் தூங்குறதுக்கு ஒரு மாத்திரை சேத்திருக்காருன்னு. நானும் சரி சரின்னு தான் கேட்டுக்கிட்டேன். லீவுல போய்ப் பக்கத்துல உக்காந்தப்ப தான் அந்த வாடை. போன் டார்ச்சை அடிச்சு வாயைத் திறக்க வச்சா, கீழ இருந்த கழட்டி மாட்டுற பல்செட்டு ஈறோட ஈறா ஒட்டிப்போய் இருக்கு, ஓரத்துல சதை செவந்து வீங்கி இருக்கு. எத்தனை நாளா கழட்டலன்னு கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. அம்மாவுக்குப் பல்செட்டு இருக்குங்கறதே ஒரு ஆயாவுக்குத் தெரியாது! பல் டாக்டர் கழட்டி எடுத்து புண்ணுக்கு மருந்து போட்டாரு, நாலாவது நாளு ரசம் சாதம் முழுக் கிண்ணமும் காலி. அந்தத் தூக்க மாத்திரை அப்புறம் தேவையே படல.

வலிக்குதுன்னு சொல்ல வார்த்தை இல்லாதவங்க அடிக்கத் தான் செய்வாங்க. தாடையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கறது, ஒரு பக்கமா மெல்லுறது, பிடிச்ச சாப்பாட்டையே துப்புறது, இதெல்லாம் பாத்தா மாத்திரைக்கு முன்னாடி வாயைத் திறந்து பாருங்கன்னு தான் முதல்ல சொல்ல வந்தேன்.

இப்ப இன்னொரு விஷயம். சொந்தக்காரங்க ஒருத்தவங்க வாட்ஸ்அப் மெசேஜை ஃபார்வர்ட் பண்ணி, ஒழுங்கா பல்லு வெளக்காததால தான் உங்கம்மாவுக்கு மறதி வந்துச்சாம் பாருன்னாங்க. எரிச்சலா வந்துச்சு, ஆனா என்னதான் இருக்குன்னு உக்காந்து படிச்சேன். விஷயம் பொய் இல்ல, ஆனா அவங்க சொன்ன மாதிரியும் இல்ல. 2019ல ஒரு ஆய்வு, அல்சைமரோட இறந்தவங்க மூளைத் திசுவுல, ஈறு நோயை உண்டாக்குற போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்ங்கற பாக்டீரியா விடுற விஷ என்சைம் 90 சதவீதத்துக்கும் மேலான சாம்பிள்ல இருந்துச்சுன்னு சொன்னாங்க, எலி வாயில அந்தக் கிருமியை விட்டா அது மூளை வரைக்கும் போகுதுன்னும் காட்டுனாங்க. உலகமே பரபரப்பாச்சு. அந்த என்சைமை அடக்குறதுக்குன்னே ஒரு மாத்திரை செஞ்சு 643 பேருக்கிட்ட சோதிச்சாங்க, 2021ல ரிசல்ட் வந்துச்சு, டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களை விட மொத்தத்துல பெருசா எதுவும் நல்லாகல, சிலருக்கு லிவர் டெஸ்ட்ல கோளாறு வேற. 2025ல இங்கிலாந்து எக்ஸிட்டர் யுனிவர்சிட்டில 50 வயசு தாண்டின 115 பேரோட வாய் பாக்டீரியாவைப் பாத்தாங்க. நெய்சீரியா மாதிரி சில வகை அதிகமா இருந்தவங்களுக்கு ஞாபகம் நல்லா இருந்துச்சு, போர்ஃபிரோமோனாஸ் அதிகமா இருந்தவங்களுக்கு ஞாபகக் கோளாறும் சேந்து இருந்துச்சு. ஆனா எது முதல்லன்னு இதை வச்சு சொல்ல முடியாது, மறதி வந்தவங்க பல்லு வெளக்கவும் தானே மறக்குறாங்க. 2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட நிபுணர் குழு மறதி நோய்க்கு தடுக்கக்கூடிய காரணம்னு 14 விஷயம் போட்டாங்க, சுகர், பிபி, காது கேக்காம போறது எல்லாம் இருக்கு, வாய் அந்த லிஸ்ட்ல இல்ல. அதனால நீங்களும் பல்லு சுத்தம் பண்ணா மறதி நிக்கும்னு விளம்பரம் போட்டுடாதீங்க ப்ளீஸ்.

எக்ஸிட்டர் ஆய்வுல எனக்குப் பிடிச்சது என்னன்னா நல்ல பாக்டீரியா பக்கம். கீரை, பீட்ரூட்ல இருக்குற நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்துற வேலையை நம்ம நாக்குல இருக்குற நெய்சீரியா மாதிரி பாக்டீரியா தான் செய்யுது, அது பின்னாடி உடம்புல நைட்ரிக் ஆக்சைடா மாறி ரத்தக்குழாயைத் தளர்த்தி விடுது. அதனால தான் சொல்றேன், வேலை மிச்சம்னு தினமும் ரெண்டு வேளை ஸ்ட்ராங்கான மவுத்வாஷை ஊத்தி கொப்பளிக்க விடாதீங்க, அது நல்லதையும் சேத்துக் கொன்னுடும், டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும் போதும். போதாததுக்கு மறதி நோய் உள்ளவங்க பல பேரு அதை முழுங்கிடுவாங்க.

மூளை விஷயம் தெளிவாகுற வரைக்கும் காத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. நுரையீரல் காத்திருக்காதுங்க. ஜப்பான்ல 11 முதியோர் இல்லத்துல ரெண்டு வருஷம் பாத்தாங்க, 1999ல லான்செட்ல வந்துச்சு. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அப்புறம் ஊழியர்களே பல்லு வெளக்கி விட்டு, வாரத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரோ உதவியாளரோ பாத்த குரூப்ல நிமோனியா வந்தது 11 சதவீதம், எப்பவும் போல விட்ட குரூப்ல 19 சதவீதம். ராத்திரி எச்சில் புரையேறி உள்ள போகும்போது வாயில இருக்குற கிருமியும் கூடவே போகுது, அவ்ளோ தான் கணக்கு. மறதி நோய் முத்தினவங்க பல பேரு கடைசில நிமோனியால தான் போறாங்கன்னு உங்களை விட யாருக்குத் தெரியும்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. சார்ட்ல மூணு கட்டம்: காலையில வெளக்குனது, ராத்திரி வெளக்குனது, பல்செட்டு கழட்டி தண்ணியில போட்டது. சேக்கும்போதே யாருக்குப் பல்செட்டு இருக்குன்னு எழுதிக்கோங்க, டப்பாவுல பேரு ஒட்டுங்க, இல்லன்னா ஒருத்தரோடது இன்னொருத்தர் வாயில இருக்கும், பாத்திருக்கேன். படுக்க வச்சு வெளக்காதீங்க, நிமிந்து உக்கார வச்சு தலையைக் கொஞ்சம் முன்னாடி சாய்ச்சுக்கோங்க. சின்னப் பிள்ளைங்க பிரஷ் போதும், பட்டாணி அளவு பேஸ்ட் போதும். வாயை இறுக்கிக்கிட்டா மல்லுக்கட்டாதீங்க, அரை மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க. பல்லே இல்லாதவங்களுக்கும் ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால தொடச்சு விடணும்.

அம்மா இப்ப எங்கூட வீட்டுல. பிரஷ்ஷை நீட்டுனா கடிச்சுப் பிடிச்சுப்பாங்க, அவங்க வாழ்நாள் பூரா பல்பொடி தான், அதுவும் விரல்ல. பொடி வேணாம்னு பல் டாக்டர் சொன்னதால உள்ளங்கையில கொஞ்சம் பேஸ்ட்டை வச்சு விடுவேன், என் பேரு மறந்த அம்மாவோட ஆள்காட்டி விரலு அதுபாட்டுக்கு அதைத் தொட்டு வாய்க்குப் போயிடும், அந்த கேப்புல நான் பிரஷ்ஷை உள்ள விட்டுடுவேன். ரெண்டு நிமிஷ வேலை. உங்க ஆயாம்மாக்களுக்கு இதைக் காட்டணும்னா கூப்பிடுங்க, ஞாயித்துக்கிழமை எந்த இல்லம்னாலும் வரேன்.

இப்படிக்கு,
ஒரு காலத்துல உங்க விசிட்டர் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு இருந்த ஒரு மகள்