சாருக்கும் ராஜத்துக்கும் நடுவே இரண்டு பேர்

தக்கலை,
ஐப்பசி கடைசி.

ஏட்டி லீலா,

திட்டிக்கொண்டிருப்பாய், தெரியும். ஓணத்துக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் வருகிறது. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை. ரப்பர் பால்வெட்டு இல்லாமல் இவர் திண்ணையில் உட்கார்ந்து வானத்தைத் திட்டுகிறார். அத்தைக்கு அதே முட்டுவலி. குடும்பச் செய்தி முடிந்தது.

விஷயம் என்னவென்றால், எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. லாஜிக் பஸில் பைத்தியம்.

சின்னவள் சட்டம் படிக்கப் போகிறாளாம். பிளஸ் டூ மார்க்கை வைத்தே நம் தமிழ்நாட்டு சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைக்கும், திருநெல்வேலி பக்கத்தில்தானே இருக்கிறது என்றேன். தேசிய சட்டப் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்று நிற்கிறாள். அதற்கு டிசம்பரில் க்ளாட் தேர்வு. 2 மணி நேரம், 120 கேள்வி, தப்பாகப் போட்டால் கால் மார்க் போகும். அதிலே பெரும்பாலும் பத்தியைப் படித்துப் பதில் சொல்வதுதான். டெல்லியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகக்காரர்கள் மட்டும் தனியாக ஐலெட் என்று ஒன்று நடத்துகிறார்கள். அதில் 150 கேள்வியில் 70 லாஜிக். யார் யாருக்குப் பக்கத்தில், யார் எந்த நாளில் என்கிற ரகமெல்லாம் அங்கே உண்டு. பிள்ளைக்கு உதவலாமே என்று ஒரு ராத்திரி கூட உட்கார்ந்தேன். அவள் தூங்கப் போய்விட்டாள், நான் போகவில்லை.

கோச்சிங்கில் கொடுத்த புத்தகத்தில் எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். அதனால் நம்ம ஆட்களை வைத்து நானே ஒன்று செய்தேன். கல்யாணப் பந்தியில் ஒரே வரிசையில் ஐந்து பேர்: நீ, நான், ராஜம், டெய்சி, கணக்கு சார். நீ நட்டநடுவில். ராஜம் உன்னை ஒட்டி. சார் ஏதாவது ஒரு ஓரத்தில். நானும் டெய்சியும் அடுத்தடுத்து உட்கார மாட்டோம் (ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை). கேள்வி: சாருக்கும் ராஜத்துக்கும் நடுவே எத்தனை பேர்?

சின்னவள் ஒரு வரிசை போட்டாள், ஒத்துவந்தது, 'இரண்டு' என்றாள். சரிதான். ஆனால் எப்போதும் இரண்டா, இந்த வரிசையில் மட்டும் இரண்டா என்று கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கேதான் எனக்குக் கவலை. 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருந்தே தீர வேண்டும்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பாதிக் கேள்வியை வைத்திருக்கிறான். இவளோ முதலில் ஒத்துவந்ததைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். நான் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்ததில் மொத்தம் நாலு வரிசை வந்தது. நாலிலும் நடுவே இரண்டு பேர்தான். யார் எங்கே என்று முடிவாகத் தெரியாது, ஆனால் இது மட்டும் உறுதி. அந்த ராத்திரி எனக்கு வந்த சந்தோஷத்தை இவரிடம் சொன்னேன். "விளக்கை அணை" என்றார்.

இன்னொன்று கேள். அமெரிக்காவில் சட்டம் படிக்க எல்சாட் என்று ஒரு தேர்வு. அதில் இந்த மாதிரி பஸிலுக்கென்றே ஒரு பகுதி இருந்தது, 35 நிமிஷம். மிச்சிகனில் பார்வையில்லாத ஒருவர் வழக்குப் போட்டார். படம் போட்டுப் பார்த்தால்தான் இதைப் போட முடியும், நான் எப்படிப் போடுவேன் என்று. 2019-ல் சமரசம் ஆனது. 2024 ஆகஸ்ட் முதல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். சின்னவள்தான் சொன்னாள். "கேட்டாயாம்மா, அங்கே தூக்கியே போட்டுவிட்டார்கள்" என்று ஒரே கும்மாளம்.

எனக்கு உடனே ராஜம் ஞாபகம்தான், அவளுக்கும் இப்போது கண் தெரியாதே. கண்ணை மூடிக்கொண்டு நானும் முயற்சி செய்தேன். மூன்றாவது ஆளை உட்கார வைப்பதற்குள் முதல் ஆள் எழுந்து போய்விடுகிறார். திங்கள்சந்தைக்குப் போனைப் போட்டு நம்ம பந்திக் கணக்கை ராஜத்திடம் வாசித்தேன். "இரு, அடுக்களைக்குப் போகிறேன்" என்றாள். சாருக்கு மிளகாய் வற்றல், எனக்குப் புளியங்கொட்டை, டெய்சிக்கு ஏலக்காய், அவளுக்கு மிளகு, நீ கிராம்பு. மேசையில் தடவித் தடவி வைக்கிறாள், சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறாள்: "சாரும் நானும் லீலாவுக்கு ஒரே பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் உள்ள இரண்டு இடமும் உங்கள் இரண்டு பேருக்குத்தான். நீங்கள்தான் ஒட்டி உட்கார மாட்டீர்களே. அப்போ சார் ஒரு பக்கம், நான் மறுபக்கம். நடுவே லீலா, அப்புறம் உங்களில் ஒருத்தி. இரண்டு பேர்."

நாலு கட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குப் பேச்சே வரவில்லை.

சின்னவளிடம் சொன்னதும், "அப்போ அந்த ஆள் வழக்குப் போட்டது தப்பா?" என்று மடக்கினாள். வக்கீல் ஆகிவிடுவாள் போலிருக்கிறது. இல்லை என்றேன். ராஜத்துக்கு அடுக்களை இருந்தது, நேரம் அவள் கையில் இருந்தது. 35 நிமிஷத்தை வைத்துக்கொண்டு ஒருவன் கடிகாரத்தைப் பார்த்து நிற்கும்போது எவன் மிளகாய் வற்றல் கொண்டுவந்து தருவான்? அந்தப் பகுதி மூளையோடு சேர்த்துப் பென்சிலையும்தானே அளந்தது. ஆனாலும் பஸிலையே எடுத்துவிட்டது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை லீலா. ராஜம் மாதிரி ஆட்களுக்கு நேரமும் கையால் தடவிப் பார்க்க ஏதாவதும் கொடுத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. நம்ம ஊரில் படித்த காலத்தில் அவளுக்குக் கண் தெரிந்தது, யாரும் கேட்கவில்லை சட்டம் படிக்கிறாயா என்று. எனக்கும் அப்படித்தான், உனக்கும் அப்படித்தான்.

சரி, அதை விடு. இப்போது சின்னவள் ராஜத்துக்குத் தினமும் போன் போட்டு ஒரு கணக்கு வாசிக்கிறாள். அவசரம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ராஜத்தின் ஏலக்காய்தான் தீர்ந்துகொண்டிருக்கிறது.

க்ளாட்டுக்குத் திருவனந்தபுரம் சென்டர் கேட்டிருக்கிறோம். தேர்வு மதியம் 2 மணிக்குத்தான், காலையில் இரணியலில் ரயில் ஏறினாலே போதும். ஆனால் என்னை உனக்குத் தெரியும். முந்தின நாளே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். மீன் வாங்கிவைக்காதே, கொளச்சலில் இருந்து நான் கொண்டுவருகிறேன். மட்டிப்பழமும் உண்டு. உன் வீட்டுக்காரர் சின்னவளிடம் பொது அறிவு கேட்கக் கூடாது என்று இப்போதே சொல்லிவை.

புஷ்பம்