இரண்டாவது தாளை அம்மாவுக்குக் காட்ட வேண்டாம்

பேர்லின்
14.02.1993

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். நீங்கள், அத்தான், அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க இணுவில் கந்தசாமியை வேண்டுகிறேன். கார்த்திகையில் நீங்கள் எழுதிய கடிதம் தைக் கடைசியில்தான் என் கைக்கு வந்தது. அதற்கு முந்திய இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை என்று ஏசியிருந்தீர்கள். ஏசத்தான் வேண்டும். பேனையை எடுப்பேன், ‘நான் நலம்’ என்று எழுதுவேன், அதற்குமேல் ஓடாது. அப்படி எழுதிக் கிழித்தது மட்டும் ஒரு கொப்பி வரும்.

இதைக் கொழும்புக்கு, ஆசையம்மாவின் விலாசத்துக்குப் போடுகிறேன். கிளாலிக் கடல்வழியால் யாழ்ப்பாணம் வருகிற நம்பிக்கையான ஆள் கிடைத்தால் கொடுத்துவிடுவார். புதுவருடத்துக்கு மறுநாள் கிளாலிக் கடலில் வள்ளத்தில் போன சனத்தை நேவி சுட்டதை இங்கே தமிழ்க் கடையில் கேள்விப்பட்டு, அன்றிரவே ஆசையம்மாவுக்குப் போன் எடுத்தேன். நம் ஆட்கள் யாரும் அன்று வள்ளத்தில் இல்லை என்றார். அப்புறம்தான் சாப்பாடு இறங்கியது.

குளிர் எப்படி என்று அம்மா கேட்டாராம். மார்கழியில் விடிய நாலு மணிக்குக் கிணற்றடியில் தலையில் வார்த்துவிட்டுக் கோயிலுக்கு ஓடுவோமே, அந்தக் குளிருக்கு ஒரு முடிவு இருந்தது. இதற்கு இல்லை. என் அறை மூலையில் ஆளுயரத்துக்கு ஓடு பதித்த ஒரு அடுப்பு நிற்கிறது. நிலவறையிலிருந்து கரிக்கட்டி சுமந்து வந்து மூட்ட வேண்டும். இரவு சூடு, விடிந்தால் சாம்பல். தெரு முழுக்கக் கரிப்புகை மணம். கக்கூஸ் வீட்டுக்குள் இல்லை, படிக்கட்டின் பாதியில் இருக்கிறது, அதுவும் இரண்டு குடும்பத்துக்கு ஒன்று. வெளிநாடு போய் வளவுக் கக்கூசுக்கே திரும்பிவிட்டான் என்று அத்தானிடம் சொல்லுங்கள், சிரிப்பார். மதில் விழுந்த பிறகு கிழக்குப் பக்கம் வாடகை குறைவு என்று போன வருடம் இங்கே மாறினேன். குறைவு என்பதற்காக மட்டுமில்லை, அறை பெரிது.

வேலை நல்லம். கோப்பை கழுவினது அந்தக் காலம், இப்போது சலாட் வெட்டுகிறேன். சாப்பாடு கடையிலேயே, உருளைக்கிழங்குதான், அதை இவர்கள் இருபது விதமாகச் செய்வார்கள், இருபதும் ஒரே ருசி. போன மாதம் ஒருவர் ஒடியல் மா கொண்டு வந்து தந்தார். ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சினேன். ஐஸ் மீன், இறால், முருங்கையிலைக்குப் பதிலாக இங்கத்தைய ஏதோ கீரை. பிலா இலைக்கு எங்கே போவது? பெரிய சட்டியில் காய்ச்சிவிட்டு, கதிரையில் தனியாக இருந்து ஒரு கிண்ணம் குடித்தேன். கூழ் ஒரு ஆளுக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை, அக்கா.

மிச்சத்தில் கொஞ்சம் கீழ்வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். எழுபது வயது இருக்கும். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, இது சுவருக்குக் கடதாசி ஒட்டுகிற பசையா என்று கேட்டார். ஆனால் முழுவதும் குடித்தார். இவரைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லுங்கள், பொழுதுபோகும். நான் பாட்டுப் போட்டால் தும்புத்தடியால் கீழேயிருந்து இடிப்பார். பாட்டை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று ஏறி வருவார். ஏதும் முக்கியமாகச் சொல்வதென்றால் குசினித் தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் காதோடுதான் சொல்வார். நேற்று அப்படி எனக்குச் சொன்ன இரகசியம், சந்தியில் பாண் விலை கூடிவிட்டது.

முகாமுக்கு நெருப்பு வைத்த செய்தி பேப்பரில் வந்ததாக எழுதியிருந்தீர்கள். அது ரொஸ்டொக்கில், போன ஆவணியில். இங்கிருந்து 200 கிலோமீட்டர். இங்கே ஒரு பயமும் இல்லை. இரண்டு மாதமாகக் காசு பிந்தியதற்கும் காரணம் ஒன்றுமில்லை, சீட்டுக்காரர் இழுத்தடிக்கிறார். இந்தமுறை உண்டியல்காரர் மூலம் 150 மார்க் அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் கண்ணாடியை முதலில் செய்யுங்கள்.

*

அக்கா, இந்தத் தாள் உங்களுக்கு மட்டும். வாசித்ததும் அடுப்பில் போடுங்கள்.

மாமா படுக்கையில் கிடக்கிறார், உங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார், ‘அண்ணையைக் காட்டிக்கொடுத்த வீட்டுப் படலையை நான் சாகும்வரை திறக்க மாட்டேன்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியால்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன்.

கீழ்வீட்டு அம்மா குழாயைத் திறப்பது விசரில் இல்லை. இங்கே கிழக்கு ஜேர்மனி என்று ஒரு நாடு இருந்த காலத்தில் ஸ்டாசி என்று ஒரு இரகசியப் பொலிஸ் இருந்தது. சம்பளம் வாங்கியவர்கள் மட்டும் 90,000 பேர். அதைவிடக் கூட, சும்மா தகவல் கொடுத்தவர்கள்: பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை செய்கிறவன், போதகர். சுவருக்குள் ஒட்டுக்கேட்கிற கருவி வைப்பார்களாம், அதனால்தான் குழாய். சந்தேகப்பட்டவர்களின் மணத்தைத் துணியில் எடுத்து, நாய்க்குக் காட்டுவதற்காகப் போத்தலில் மூடி வைத்தார்கள். நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. எழுதி வைத்த கோப்புகளை அடுக்கினால் 100 கிலோமீட்டருக்கு மேல். யாழ்ப்பாணத்திலிருந்து அடுக்கிக்கொண்டு போனால் மாங்குளம் தாண்டும்.

போன வருடம் தை 2ஆம் திகதியிலிருந்து, அவரவர் கோப்பை அவரவர் போய்ப் பார்க்கலாம் என்று விட்டார்கள். பாராளுமன்றத்தில் இருக்கிற வேரா வொலன்பெர்கர் என்ற பெண், தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்தது சொந்தக் கணவர் என்று கண்டுபிடித்தார். கோப்பில் அந்த மனுசனுக்கு ‘டொனால்ட்’ என்று பெயர். இங்கே கடையில், ரயிலில் எல்லாம் இதே கதைதான்.

கீழ்வீட்டு அம்மாவும் தன் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்தார். மார்கழியில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. என்னைக் கூட வரச் சொன்னார். ஏன் நான் என்று கேட்டேன். “நீ யாரிடமும் சொல்ல மாட்டாய். சொல்ல உனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?” என்றார். பகிடியாகத்தான் சொன்னார்.

அவர் உள்ளே இருந்து வாசிக்க நான் வெளியே வாங்கில் இருந்தேன். நாலு மணித்தியாலம். அவருடைய கணவர் 70களில் மேற்குப் பக்கம் தப்பப் பார்த்துப் பிடிபட்டு, மறியலில் இருந்து நெஞ்சு வருத்தத்தோடு வந்து செத்தவர். எந்த இரவு, எந்த வழி என்று யார் சொன்னது என்பதுதான் இத்தனை வருடக் கேள்வி. சொன்னது அந்த அம்மாவின் தம்பி. ஒவ்வொரு ஞாயிறும் கேக் சாப்பிட வருவாரே, அதே தம்பி. நானும் எத்தனையோ முறை படியில் கண்டு வணக்கம் சொல்லியிருக்கிறேன். மேசையில் எத்தனை கோப்பை இருந்தது என்பதுவரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதில் எனக்கு இன்னொரு அந்தரம். 84இல் நான் வந்ததே அவர்களுடைய விமான நிலையத்தால்தான். ஷோனெஃபெல்டில் இறங்கி, ரயிலேறி, ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ராஸ நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டினேன். போ என்று கையைக் காட்டினான். பத்து நிமிடத்தில் மேற்குப் பக்கம். அந்த அம்மாவின் மனுசன் உயிரைக் கொடுத்தும் தாண்ட முடியாத இடம் அது.

அடுத்த ஞாயிறும் தம்பி வந்தார். எனக்கு வாசல் மணி கேட்டது, கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. அவர் போனபிறகு கரி கொண்டுபோகிற சாட்டில் இறங்கிப் போய், கேட்டீர்களா என்றேன். குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னார்: “கேட்டால் வர மாட்டான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு யார் வருகிறார்கள்?” எனக்குப் புத்தி சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் அது சரியா பிழையா என்று தெரியாது. ஆனால் அந்த அம்மாவுக்கு உண்மை தெரியும், அக்கா. உங்களுக்குத் தெரியாது.

காட்டிக்கொடுத்தது மாமா இல்லை.

86 சித்திரைக் கடைசியில் அண்ணை மாமாவின் புகையிலைக் குடிலில் ஒளிந்திருந்தது மாமா வீட்டுக்கும் நம் வீட்டுக்கும்தான் தெரியும். வந்தவர்கள் நேரே குடிலுக்குப் போனார்கள். அதனால் மாமா என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். நம் வீட்டை ஏன் யாரும் யோசிக்கவில்லை? ‘சும்மா விசாரித்துவிட்டு விடியமுன் விட்டுவிடுவோம்’ என்று யாராவது சொன்னால், அதை அப்படியே நம்புகிற ஆள் நம் வீட்டில் யார்? அண்ணை போனபிறகு பின்னேரம் பின்னேரம் மாமா வீட்டுத் திண்ணையில் போய், ஒரு சொல் பேசாமல் இருந்துவிட்டு வந்தது யார்? 88இல், சாகிறதற்கு முந்திய மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பிஸ்கற் ரின்னில் வைத்திருக்கிறேன். இதற்குமேல் எழுத மாட்டேன், அந்தக் கையெழுத்துக்கு நான் கொடுத்த வாக்கு அவ்வளவுதான்.

ஏழு வருடமாக ஊர் துப்பியதை மாமா வாங்கிக்கொண்டு இருந்தது தன் தங்கச்சிக்காக. அம்மா இன்னும் பொட்டில்லாத நெற்றியோடு அந்தப் படத்துக்குப் பூ வைக்கிறார். வைக்கட்டும்.

மூத்தவள் ஊரைவிட்டு வெளியே போக எடுக்கிற பாஸுக்குப் பிணை நிற்க மாமாவின் மகன் வந்து கேட்டும் நீங்கள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டீர்களாம். கூப்பிட்டுச் சம்மதம் சொல்லுங்கள். அன்று குடிலுக்கு வந்தவர்களிடமே பாஸ் கேட்டு நிற்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கும் கை கூசுகிறது, ஆனால் பிள்ளை கொழும்பு போய்ப் படிக்கட்டும். ஆசையம்மா அறை ஒதுக்கி வைத்திருக்கிறார். அந்த நாலு பரப்புப் பனங்காணி வேலி வழக்கையும் விட்டுவிடுங்கள். எனக்கு அதில் பங்கு வேண்டாம், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

மாமாவைப் பார்க்கப் போகும்போது பனங்கட்டி கொண்டுபோக வேண்டாம், அவருக்குச் சீனி வருத்தம். கதலி வாழைப்பழமும் வேண்டாம். சும்மா போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் படலைக் கொளுக்கியைக் கொஞ்சம் மேலே தூக்கித்தான் இழுக்க வேண்டும், இடையில் மாற்றியிருந்தால் தெரியாது.

அன்புத் தம்பி