பெய்ஜிங்கில் வென்ற தங்கத்துக்கு லண்டனில் போட்டியே இல்லை

சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் கிர்ஸ்டி கவென்ட்ரி அவர்களுக்கு,

வணக்கம். லாஸ் ஏஞ்சலிஸ் 2028 ஒலிம்பிக் பந்தயப் பட்டியலிலும் தனிநபர் பர்சூட் என்னும், இருவர் ஒருவரையொருவர் துரத்தும் சைக்கிள் பந்தயம் இல்லை. அந்தப் பட்டியல் 2025 ஏப்ரலில், நீங்கள் பொறுப்பேற்கும் முன்பே முடிவானது. அதற்காக உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. பிரிஸ்பேன் 2032 பட்டியலிலாவது ஆண், பெண் இருபாலருக்கும் தனிநபர் பர்சூட்டைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பிரிட்டனின் ரெபேக்கா ரொமேரோ யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏதென்ஸ் 2004இல் நால்வர் துடுப்புப் படகில் வெள்ளி வென்றவர். முதுகுவலியோடு போராடி, 2006இல் படகை விட்டுச் சைக்கிளுக்கு வந்தார். இரண்டே ஆண்டுகளில் தனிநபர் பர்சூட்டில் உலக சாம்பியன். அதே 2008இல், பெய்ஜிங்கில், ஒலிம்பிக் சாம்பியன். இந்தப் பந்தயத்தில் 250 மீட்டர் தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருவர் நிற்பார்கள். பின்சக்கரத்தைக் கவ்வியிருக்கும் கருவி விடுவித்ததும் புறப்பட வேண்டும்; பெண்களுக்கு அப்போது பன்னிரண்டு சுற்று, மூன்று கிலோமீட்டர். காற்றுக்கு ஒதுங்க முன்னால் ஒரு முதுகு கிடையாது. தந்திரத்துக்கும் அங்கே வேலை அதிகமில்லை. கால் ஓய்ந்தால் கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்களும் அதே பெய்ஜிங்கில் நீந்தினீர்கள். ஏதென்ஸில் வென்ற 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் தங்கத்தை அங்கே தக்கவைத்துக்கொண்டீர்கள். நான்கு ஆண்டு கழித்து அதே தூரத்தில் மீண்டும் இறங்கும் வாய்ப்பு ஒரு சாம்பியனுக்கு எவ்வளவு பெரியது என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? ரொமேரோவுக்கு அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது. 2009 டிசம்பரில் உங்கள் ஒலிம்பிக் குழுவின் நிர்வாகக் குழு லண்டன் 2012க்கான பட்டியலைத் திருத்தியபோது பர்சூட் போய்விட்டது. சொந்த நாட்டில் ஒலிம்பிக். தன் பந்தயம் மட்டும் இல்லை. 2012 வருவதற்குள் அவர் விலகிவிட்டார். தோற்றுப் போயிருந்தால் வருந்தியிருப்போம், மறந்துமிருப்போம். தோற்பதற்குக்கூட அவருக்கு இடம் தரவில்லையே!

சைக்கிள் சம்மேளனம் கேட்டது, நாங்கள் ஒப்புதல் தந்தோம் என்று உங்கள் அலுவலகம் சொல்லக்கூடும். ஆண் பெண் சமத்துவத்துக்காக என்றும் சொல்வார்கள். பெய்ஜிங்கில் தடச் சைக்கிள் பந்தயங்கள் ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கு மூன்று என்றிருந்ததை ஐந்துக்கு ஐந்து ஆக்கியது நியாயம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெண்களுக்கு இருந்த மூன்றில் இரண்டைப் பிடுங்கிவிட்டா சமத்துவத்தைத் தொடங்குவது? ஆறுதலுக்கு, பல பந்தயங்களைச் சேர்த்து ஒரே பதக்கம் தரும் ஆம்னியத்தின் ஒரு துண்டாக 2016 வரை பர்சூட்டை விட்டுவைத்தீர்கள். பிறகு அதையும் எடுத்துவிட்டீர்கள்.

இடமில்லை என்ற பதிலை மட்டும் தயவுசெய்து தராதீர்கள். பாரிஸில் 329 பந்தயங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 351. நீச்சலுக்கு மட்டும் ஆறு புதிய 50 மீட்டர் பந்தயங்கள் கிடைத்திருக்கின்றன. நல்லது, நீந்தட்டும்! குழு பர்சூட்டுக்கு வரும் வீரர்கள் ஏற்கெனவே தடத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களையே தனியாக ஓட்டச் சொன்னால் வீரர்கள் தங்குமிடத்தில் கூடுதலாக ஒரு கட்டில்கூடப் போட வேண்டியதில்லை. ஆறு முறை இதில் உலக சாம்பியனான இத்தாலியின் பிலிப்போ கன்னா 2022இல் ஆண்களுக்கான நான்கு கிலோமீட்டரை 3 நிமிடம் 59.636 விநாடியில் முடித்தார். அவருக்கும் இந்தப் பந்தயத்தில் ஒலிம்பிக் பதக்கம் கிடையாது. எப்படிக் கிடைக்கும்?

இன்னொன்று. பிரிஸ்பேனில் இருக்கும் சைக்கிள் தடத்துக்கு ஆஸ்திரேலியச் சைக்கிள் வீராங்கனை அன்னா மியர்ஸின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. ஏதென்ஸில் அவருக்குத் தங்கம் தந்த 500 மீட்டர் பந்தயமும் அடுத்த ஒலிம்பிக்கிலேயே நீக்கப்பட்டதுதான். சாம்பியன்களின் பெயர் கட்டடங்களில் நிலைத்துவிடுகிறது. அவர்கள் வென்ற பந்தயங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க. கோரிக்கை ஒன்றே: பிரிஸ்பேன் 2032இல் தனிநபர் பர்சூட் வேண்டும். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதைப் பட்டியலோடு சேர்த்துப் பகிரங்கமாக வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் பந்தய ரசிகன் ஒருவன்