மருந்துக் கடை அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

நீலகிரிப் பக்கம் மாயாற்றுக் கரையில் ஒரு நீர்மத்தி மரம். அதன் உச்சியில் சுள்ளிக் கூடு. கூட்டில் ஒரே ஒரு குஞ்சு. பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு; அதில் ஒரு வகையான வெண்முதுகுப் பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். போன வாரம் எட்ட நின்று தொலைநோக்கியில் பார்த்தபோது இறக்கையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தது. வீடு திரும்பியதும் இந்த மடலை எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் இந்தப் பறவையைக் கண்ணால் கண்டதே இல்லை.

முதலில், மலையடிவாரத்து மருந்துக் கடை அண்ணனுக்கு.

துண்டறிக்கையோடு நான் முதன்முதலாகப் படியேறிய அன்று, “பிணந்தின்னிக் கழுகுக்கும் என் கடைக்கும் என்ன தம்பி சம்பந்தம்?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி ஊசி போட்ட மாடு செத்துப்போனால், அதைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் கெட்டு, சில நாளில் உயிர் போகும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் வெளியான பிறகுதான் இது உலகுக்குத் தெரிந்தது. அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில், இந்தியாவில் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றில் அந்த மருந்து இருந்தாலே போதும், இத்தனையும் நடந்துவிடும் என்று நான் சொன்னபோது கல்லாவை மூடிவிட்டு முழுதாகக் கேட்டீர்கள்.

2006-இல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கென்று வந்த 30 மில்லிக் குப்பி, மாட்டுக்கு அளவெடுத்தாற்போல இருந்தது. 2015-இல் அதையும் 3 மில்லிக்குள் அடக்கினார்கள். அதன் பிறகும் வேறொரு கடையில் பழைய சரக்கு மேசைக்கு அடியிலிருந்து வந்ததைப் பார்த்து நொந்துபோய் உங்களிடம் வந்தேன். டீ சொல்லிவிட்டு, மிச்சமிருந்த பெட்டிகளை நீங்கள் திருப்பி அனுப்பிய ரசீதை எடுத்துக் காட்டினீர்கள். நட்டம் எவ்வளவு என்றதற்கு, “விடுங்க தம்பி, டீ ஆறுது” என்றீர்கள்.

கால்நடை மருத்துவர் அம்மாவுக்கும் கடன்பட்டிருக்கிறேன். “சட்டுனு எந்திரிக்கிற ஊசியாப் போடுங்கம்மா” என்று நெருக்கியவர்களிடம் பொறுமையாகப் பேசி, பாறுகளுக்குக் கேடில்லாத மெலாக்சிகம் போட்டவர் நீங்கள். பாறுகளைக் கொல்லும் மற்ற வலிநீக்கிகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் கால்நடைக்குத் தடைப்பட்டது 2023-இல். உங்கள் பையிலிருந்து அவை காணாமல் போய் அப்போதே வெகுநாளாகியிருந்தது.

சீகூர்ப் பக்கத்து மாட்டுக்கார ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. புலி அடித்த மாடு கறவை மாடு. புலியைக் கொல்ல, செத்த மாட்டின் மேல் பூச்சிக்கொல்லிக் குருணை மருந்தைத் தூவச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். தூவியிருந்தால் புலியோடு போயிருக்காது. கூட்டமாக இறங்கும் பாறுகள் அத்தனையும் அங்கேயே விழுந்திருக்கும். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து அழுதீர்கள், தூவவில்லை. இழப்பீடு கைக்கு வரும்வரை பால் விற்ற வருமானம் இல்லாமல் வீடு எப்படி ஓடியது என்பதை மருத்துவர் அம்மாதான் எனக்குச் சொன்னார்.

வேட்டைத் தடுப்புக் காவலர் தம்பிகளுக்கும் நன்றி. கூட்டை எனக்குக் காட்டினீர்கள்; அதைவிட, “இதுக்கு மேல வராதீங்கண்ணா” என்று என்னையே தடுத்தீர்கள்.

என் பாட்டி திருக்கழுக்குன்றத்தில், உச்சிவேளையில் குருக்கள் வைத்த பொங்கலை இரண்டு கழுகுகள் வந்து உண்டதைப் பார்த்தவர். அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990-களில் அவை வருவது நின்றுபோனது. நான் பார்த்தது வெறும் குன்றைத்தான்.

அண்ணே, குஞ்சு பறப்பதற்குள் ஒருநாள் உங்களைக் கூட்டிப்போக வேண்டும், காவலர் தம்பிகள் விடுகிற தூரம் வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால்தான் கடையை மூட முடியும் என்கிறீர்கள். குஞ்சுக்குக் கிழமை தெரியாது. சீக்கிரம் ஒரு நாள் சொல்லுங்கள்.