சிப்பி ஓடு சூட்டில் கரைவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடல் சூடாவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், ‘வெப்பத்தால் சிப்பிகளின் ஓடு கரைகிறது’ என்று ஒரு வரி இருந்தது. கடியப்பட்டணத்தில் சிப்பி எடுக்கும் குடும்பத்தில் பிறந்து, பள்ளியில் விலங்கியல் நடத்தியவன் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

ஓடு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து. குளிர்ந்த நீரில்தான் அது எளிதாகக் கரையும். அண்டார்டிகா போன்ற கடல்களில் ஓடு கட்ட உயிரினம் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருப்பதால், அங்குள்ள பல சிப்பிகளுக்கும் நத்தைகளுக்கும் ஓடு மெல்லியது. ஓட்டை அரிப்பது கடலில் கலக்கும் கரியமில வாயு. அது நீரின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. வெப்பமும் அமிலமும் ஒரே புகையிலிருந்து வந்தாலும் இரண்டும் செய்யும் வேலை வேறு.

சரி, வெப்பம் என்ன செய்கிறது? ஓர் எல்லை வரை சூடு கூடக்கூட ஓடு வேகமாக வளரும். எல்லை தாண்டினால், தின்பதெல்லாம் மூச்சு விடவும் உயிர் பிழைக்கவுமே சரியாகப் போகும். பவளத்தின் பாடு இன்னும் மோசம். வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே, உள்ளிருந்து உணவு தரும் நுண்பாசியை இழந்து வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இதுதான் நடந்தது. பட்டினி கிடக்கிற பவளம் கூடு கட்டுவது எப்படி?

நம் கரையில் இன்னொரு விஷயமும் உண்டு. ஆனி, ஆடிச் சாரலில் முங்கினால் அடியில் தண்ணீர் சில்லென்று இருக்கும் என்பார் அப்பா. காற்று மேல்நீரைக் கரையைவிட்டுத் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் சத்தோடு மேலேறுகிறது. அந்தச் சத்தில் பெருகும் நுண்பாசிதான் சிப்பிக்குச் சாப்பாடு. ஆகவே வெப்பமானியை மட்டும் பார்த்து நம் சிப்பியின் வளர்ச்சியைச் சொல்ல முடியாது.

இதை எழுதும்போது மேசையில் ஓர் ஓடு கிடக்கிறது. வெளியே தவிட்டு நிறம், உள்ளே பளபளப்பு. முனையிலிருந்து விளிம்பு வரை வரிகள், சில இடத்தில் நெருக்கமாக, சில இடத்தில் விலகி. நெருங்கிய இடம் வளர்ச்சி தடைபட்ட காலம். சூடு, பட்டினி, முட்டையிடல் எதனாலும் அது வரலாம் என்பதால் வரியை எண்ணி வயது சொல்லிவிடக் கூடாது. ஆனால் ஓட்டிலுள்ள கனமான ஆக்சிஜனுக்கும் லேசான ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்தை அளந்தால், நீரின் உப்பளவும் தெரிந்திருந்தால், அந்த விளிம்பு வளர்ந்தபோது கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணக்கிடலாம்.

இப்படிப்பட்ட ஓடுகள்தான் சதையை எடுத்தபின் கரையில் குவியலாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு சீசனிலும் பத்து ஓடுகளையாவது தேதியும் பாறையின் பெயரும் எழுதி நம் மாவட்டக் கல்லூரிகள் பத்திரப்படுத்த வேண்டும். எந்தப் பாறைக்கு என்ன பெயர் என்பதைச் சிப்பி எடுக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். கேட்டு வரும் மாணவர்களைக் கூட்டிப்போக நான் தயார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கடியப்பட்டணம், கன்னியாகுமரி மாவட்டம்.