பின்சீட்டுக்கும் ஒரு டெஸ்ட் ரைடு கொடுங்கள்

இந்தியாவில் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்பு, விற்பனைப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

ஓசூர், ஒரகடம், சாகன், மானேசர் என்று எங்கெங்கோ இருந்து வண்டி செய்து அனுப்புகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எந்த ஒரு கம்பெனியையும் தனியாகக் குறை சொல்லும் எண்ணம் இல்லை. குறை எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறது.

நான் இருப்பது திருப்பூரில். காலை எட்டு மணி வாக்கில் பல்லடம் ரோட்டிலோ அவிநாசி ரோட்டிலோ ஓரமாக நின்றால் உங்கள் எல்லோருடைய வண்டிகளையும் பார்த்துவிடலாம். முன்னால் கணவர், பின்னால் மனைவி, இடையில் சாப்பாட்டுப் பை. இருவருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. அவரை ஒரு கேட்டில் இறக்கிவிட்டு இவர் அடுத்த கேட்டுக்குப் போவார். அண்ணன் தங்கையாகப் போகிறவர்களும் உண்டு, ஒரே லைனில் தைக்கிற சினேகிதிகளும் உண்டு. இந்த ஊரில் அந்த நேரத்தில் டபுள்ஸ் போகாத வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் உங்கள் விளம்பரத்தில் வண்டி எப்போதும் தனியாகத்தான் போகிறது, அதுவும் யாருமே இல்லாத மலைப்பாதையில்.

எனக்குக் கொஞ்சம் வண்டிப் பைத்தியம் உண்டு என்பதால், சொந்தத்திலோ கம்பெனியிலோ யார் வண்டி எடுத்தாலும் என்னையும் கூட்டிப் போவார்கள். போன ஷோரூம்களில் எல்லாம் ஒரே காட்சிதான். புருஷனும் பொஞ்சாதியும் வருவார்கள். சேல்ஸ் தம்பி சாவியைப் புருஷன் கையில் கொடுப்பார். அந்த அம்மாவுக்கு ஒரு சோபா, ஒரு கூல்டிரிங்ஸ். புருஷன் அடுத்த யூ-டர்ன் வரை தனியாகப் போய் வந்து "பிக்கப் நல்லா இருக்கு" என்பார். அவ்வளவுதான், வண்டி முடிவாகிவிட்டது. கலர் மட்டும் அந்த அம்மாவிடம் கேட்பார்கள். தினமும் போகவர முழுத்தூரமும் அந்த வண்டியில் உட்காரப்போகிறவர் பின்சீட்டில் முதல்முறை ஏறுவது டெலிவரி நாளில், மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் டயரை ஏற்றி நசுக்கிய பிறகுதான். "ஏங்க, சீட்டு வழுக்குதே" என்று அவர் சொல்லும்போது பணம் கட்டியாகிவிட்டிருக்கும்.

பின்சீட்டின் கஷ்டம் உங்கள் இன்ஜினியர்களுக்குத் தெரியாதது இல்லை. ஓட்டுகிறவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பள்ளம் வருவது அவர் கண்ணுக்குத் தெரியும்; ஹேண்டில்பாரைப் பிடித்து, ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார். பின்னால் இருப்பவரோ ஏறக்குறையப் பின்சக்கரத்தின் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். சக்கரம் எவ்வளவு எகிறுகிறதோ அவ்வளவும் அவர் இடுப்புக்குத்தான். பள்ளம் வருவதும் அவருக்குத் தெரியாது. எதிரில் ஒரு முதுகும் ஒரு ஹெல்மெட்டும்தான் தெரியும். பிரேக் போட்டால் இரண்டு ஹெல்மெட்டும் டக்கென்று முட்டிக்கொள்ளும். அதற்கும் திட்டு வாங்குவது பின்னால் இருப்பவர்தான்.

இது போதாதென்று, சில வருடங்களாக 125 சிசி வண்டிகளில் ஸ்பிளிட் சீட் வைக்க ஆரம்பித்தீர்கள். பின்பாதி உயரமாக, சின்னதாக, முன்பக்கம் சரிந்து இருக்கும். பார்க்க ரேஸ் வண்டி மாதிரி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் சரிந்து வந்து ஓட்டுகிறவரின் முதுகில் சாய்கிறார். இரண்டு பேர் பாரமும் ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் இறங்குகிறது. சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருகிறவருக்கு அந்தச் சின்ன மெத்தையில் பாதி இடுப்புக்குத்தான் இடம். கைப்பிடியும் சீட்டின் இரு பக்கமும் இரண்டு துண்டாக இருக்கிறது. ஒருபக்கமாக உட்கார்ந்தால் ஒன்றுதான் கைக்கு எட்டும். வேடிக்கை என்னவென்றால், பல்சர் 125, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நீளமாக இருக்கும் ஒற்றைச் சீட்டிலும் வந்தது, ஸ்பிளிட் சீட்டிலும் வந்தது. ஸ்பிளிட் சீட்டுக்குத்தான் விலை அதிகம். பின்னால் இருப்பவருக்கு வசதியைக் குறைக்க முன்னால் இருப்பவர் கூடுதல் பணம் கட்டுகிறார்!

மனது வைத்தால் உங்களால் முடியும் என்பதற்கு உங்களிடமே சாட்சி இருக்கிறது. ஸ்பிளிட் சீட்டோடு வந்த டிவிஎஸ் ரெய்டருக்குப் பிறகு ஒற்றைச் சீட் மாடலும் வந்தது. 2023-இல் ஷைன் 100 வந்தபோது சீட்டின் நீளம் 677 மி.மீ. என்று ஹோண்டா பெருமையாகச் சொன்னது. 2024 ஜூலையில் சிஎன்ஜியில் ஓடும் ஃப்ரீடம் 125-ஐ இறக்கிய பஜாஜ், 785 மி.மீ. நீள சீட் என்று அறிவித்தது. சிஎன்ஜி சிலிண்டர் சீட்டுக்கு அடியில் படுத்திருப்பதால் நீளம் தானாக வந்தது என்பது வேறு விஷயம். அதில் சீட் உயரம் 825 மி.மீ. ஆகிவிட்டது, எங்கள் அம்மா மாதிரி ஆட்கள் ஏறுவது கஷ்டம். இருந்தாலும் நீளத்தை அளந்து சொன்னார்களே, அது நல்ல காரியம்.

அதாவது பெருமையாக இருந்தால் அளவைச் சொல்கிறீர்கள், இல்லாவிட்டால் மறைக்கிறீர்கள். ஓட்டுகிறவரின் சீட் உயரம் எல்லா பிரோஷரிலும் இருக்கிறது: ஸ்பிளெண்டர் 785 மி.மீ., ரெய்டர் 780 மி.மீ. என்று. பின்சீட்டின் உயரம் எத்தனை பிரோஷரில் இருக்கிறது? பின்சீட்டுக்கும் பின் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் எவ்வளவு இடைவெளி, முட்டி எவ்வளவு மடங்கும், சீட் எவ்வளவு அகலம்? முட்டிவலி உள்ள ஒருவரை தினமும் ஏற்றிப் போகிறவருக்கு மற்ற எந்த அளவையும் விட இதுதான் முக்கியம். டிஜிட்டல் மீட்டரில் எத்தனை கலர் தெரியும் என்பதை அரைப் பக்கத்துக்குப் போடுகிறீர்கள், இதற்கு ஒரு வரி ஒதுக்க முடியாதா?

பழைய கதை ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 1980-இல் ஓசூரில் இருந்து வந்த டிவிஎஸ் 50 இந்தியாவின் முதல் இரண்டு பேர் போகும் மொபெட். வெறும் 50 சிசி. அதுவரை மொபெட் என்றால் ஒற்றை ஆள் வண்டி. இன்னொரு ஆளுக்கும் இடம் வைத்தார்கள், ஊரே வாங்கியது. இன்றைக்கும் எங்கள் பக்கம் அதே டிவிஎஸ்ஸின் எக்ஸ்எல் மொபெட் இல்லாத சந்தைக்கடை இல்லை. இரண்டாவது ஆளை நினைத்துச் செய்த வண்டி வியாபாரத்தில் தோற்கவில்லை என்பதை உங்கள் கணக்குப் பிரிவுக்குச் சொல்லிவையுங்கள்.

சட்டமும் பின்சீட்டை மறக்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் வேண்டும், உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்கிறது. அந்த மறைப்பைத்தான் நாங்கள் சாரி கார்டு என்கிறோம். இப்போது வருகிற ஸ்போர்ட்டி மாடல்களில் அந்த கார்டு, வடிவமைப்பு முடிந்த பிறகு ஞாபகம் வந்து ஒட்டவைத்த மாதிரி தெரிகிறது. வாங்கிய வாரமே பையன்கள் கழற்றி வீட்டு மாடியில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் துப்பட்டா செயினில் சிக்கினால் யாரைக் குறை சொல்வது? பையனைத் திட்டலாம், ஆனால் கழற்றத் தோன்றாத அளவுக்கு வண்டியோடு சேர்ந்த ஒரு கார்டை வரைய உங்கள் டிசைனர்களால் முடியாதா? அதோடு சேர்ந்து வரும் இடதுபக்கக் கால்படியும் ரொம்ப முக்கியம். வலதுபக்கம் சைலன்சர் சுடும் என்பதால் ஒருபக்கமாக உட்காருகிறவர்கள் இடதுபக்கம்தான் உட்காருகிறார்கள். அந்தப் படி குட்டையாக, வழுக்குகிற கம்பியாக இருந்தால் முழுப் பயணமும் கால் தொங்கிக்கொண்டே போகும்.

அடுத்தது எடைக் கணக்கு. ஸ்பிளெண்டரின் எடை 112 கிலோ, அது தாங்கும் சுமை 130 கிலோ. 65 கிலோ ஆட்கள் இரண்டு பேர் ஏறினால் கணக்கு நிரம்பிவிட்டது. சாப்பாட்டுப் பைக்கும் அரிசிப் பைக்கும் இடம் இல்லை. இந்த எண்ணை ஷோரூமில் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. மைலேஜ் எண் மட்டும் சுவர் முழுக்க இருக்கும். அந்த மைலேஜுக்கான சான்றளிப்புச் சோதனையில் 75 கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஒருவர் மட்டும் ஏறியிருப்பதாகத்தான் கணக்கு. இரண்டு பேர் ஏறினால் எவ்வளவு தரும் என்று கேட்டால் சேல்ஸ் தம்பி சிரிக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நீங்கள் அவருக்கு அந்த எண்ணைக் கொடுக்கவில்லை. அதையும் சோதித்துப் போடுங்கள். குறைவாகத்தான் இருக்கும், எங்களுக்கும் தெரியும். மாதச் சம்பளத்தில் பெட்ரோலுக்கு எடுத்து வைக்கிறவனுக்கு உண்மையான எண் வேண்டும்.

டயர் காற்று விஷயமும் இப்படித்தான். தனியாகப் போனால் பின்டயருக்கு ஒரு அளவு, இரண்டு பேர் போனால் அதைவிடக் கூடுதல் என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. கையேடு பிளாஸ்டிக் கவரோடு பீரோவுக்குள் போய்விடுகிறது. வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், சேறு படுகிற இடத்தில் இருக்கிறது. பங்க்கில் காற்றடிக்கிற பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவுதான் அடிக்கிறான். பின் ஷாக் அப்சார்பரை ஐந்து படியாக இறுக்கலாம், தளர்த்தலாம் என்பது வாங்கிய எத்தனை பேருக்குத் தெரியும்? டெலிவரி கொடுக்கும்போது "தினமும் டபுள்ஸ் போவீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டு, ஒரு படியோ இரண்டு படியோ ஏற்றிக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகுமா? ஏற்றாவிட்டால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் லேசாகி, ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது.

இதையெல்லாம் பார்த்துத்தான் பலர் ஸ்கூட்டருக்குப் போய்விட்டார்கள். தட்டையான சீட், ஏறுவது சுலபம், சேலை சிக்காது, கியர் மாற்றும்போது பின்னால் இருப்பவர் முன்னும் பின்னும் ஆட வேண்டியதில்லை. நல்ல ரோடாக இருந்து, வீட்டுப் பெரியவர்களை ஏற்றிப் போகிறவர்களுக்கு நானும் ஸ்கூட்டர்தான் சொல்வேன். ஆனால் ஆக்டிவாவின் பின்சக்கரம் 10 அங்குலம், ஸ்பிளெண்டருக்கு 18 அங்குலம். பைப் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடிய எங்கள் ஊர் ரோட்டில் அந்த வித்தியாசத்தை அனுபவிப்பவர் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான்.

நான் கேட்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: தூரம் குறைவு, மேடு இல்லை, ஆட்கள் ஒல்லி என்றால் நீளமான சீட் உள்ள 100 சிசி போதும். மேம்பாலம் ஏறி இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்று போக வேண்டுமென்றால் 125, அதுவும் ஒற்றைச் சீட். ஸ்பிளெண்டரின் டார்க், அதாவது இன்ஜினின் இழுவை, 8 நியூட்டன் மீட்டர் சொச்சம், ஷைன் 125-இல் 11. தனியாகப் போகும்போது பெரிதாகத் தெரியாத இந்த வித்தியாசம், பின்னால் ஆள் ஏறி மேட்டில் வண்டியை எடுக்கும்போது நன்றாகத் தெரியும். புல்லட் ஆசை உள்ளவர்களுக்கு: பின்சீட் அருமை, 195 கிலோவை சிக்னலில் தள்ளத் தெம்பு இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

ஹெல்மெட்டுக்கு வருகிறேன். மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையின்படி 2022-இல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் ஓட்டியவர்கள் இல்லை, பின்னால் உட்கார்ந்து போனவர்கள். தமிழ்நாட்டில் 2015 ஜூலையில் இருந்தே பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். வண்டியோடு ஒரு ஹெல்மெட் தர வேண்டும் என்று 138-வது விதி சொல்கிறது. இரண்டு பேர் உட்காரும் வண்டியை விற்கிற நீங்கள் இரண்டாவது ஹெல்மெட்டையும், விதி சொல்கிறதோ இல்லையோ, விலையில் சேர்த்தே கொடுத்துவிடலாம். அந்த அம்மாவின் தலை அளவை அங்கேயே பார்த்துக் கொடுங்கள். வீட்டுக்காரரின் பழைய ஹெல்மெட் அவர் தலையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இதில் பாதிக்குப் புது மாடல் எதுவும் தேவையில்லை. பிரோஷரில் பின்சீட் அளவுகளையும் தாங்கும் சுமையையும் சேர்ப்பது, காற்று ஸ்டிக்கரைத் தமிழில் பெட்ரோல் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டுவது, ஷாக் அப்சார்பரை ஏற்றிக் கொடுப்பது எல்லாம் அடுத்த மாதமே செய்யக்கூடியவை. ஒவ்வொரு 125-க்கும் ஒற்றைச் சீட் மாடல் ஒன்றை நிறுத்தாமல் வைத்திருப்பதும், சாரி கார்டை ஒழுங்காக வரைவதும்தான் உங்கள் டிசைன் மேசைக்குப் போக வேண்டியவை. டெஸ்ட் ரைடில் இரண்டு பேரையும் ஏற்றி, யூ-டர்ன் வரைக்கும் இல்லாமல் ஒரு ஸ்பீடு பிரேக்கரும் ஒரு மேடும் உள்ள வழியில் அனுப்புவதற்குச் செலவே கிடையாது.

தீபாவளி போனஸ் வந்ததும் எங்கள் கம்பெனியில் சிலர் வண்டி எடுப்பதாக இருக்கிறார்கள். வழக்கம்போல நானும் கூட வருவேன், இந்தத் தடவை சோபாவில் உட்கார்ந்திருக்கப் போவது நான்தான். அந்த அம்மாவுக்கும் ஒரு ஹெல்மெட் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூரில் இருந்து ஒரு வாடிக்கையாளர்